குரூஷியின் முந்நூற்று முப்பது பேர்

பெரம்பலூர்,
11.6.2025, புதன் இரவு.

அன்புள்ள சித்திக்கு,

ஷைனி எழுதுகிறேன். உங்கள் இருமல் நின்றதா? சிமெண்ட் ஆலையில் நாள் முழுக்கத் தூசியைச் சுவாசித்துவிட்டு வந்து ஐஸ் மோர் குடிக்கிறீர்கள் என்று அம்மா புலம்புவாள். இப்போது அதுவும் கிடையாது. வீட்டில் உங்கள் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

இது விடுதிக் குளியலறை வாசல். இரவு முழுக்க எரிகிற விளக்கு இங்கே மட்டும்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செருப்புச் சத்தம் கேட்டால் காகிதம் சோப்பு டப்பாவுக்குள் போய்விடும். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

என்னைச் சேர்க்க வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "பத்தாவதுல கணக்குல அறுபத்தெட்டு. எல்லாம் அந்தப் பொம்மை கிளப்பால வந்தது. பன்னெண்டாவது முடியிற வரைக்கும் உன் சித்தி செல்வியோட பேச்சு, போன், லெட்டர் ஒண்ணும் வேணாம். மீறினா அந்தக் கிளப்பு வாசப்படியே நீ மிதிக்க முடியாது, எப்பவும்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன். இந்த ஞாயிறு கிளப் மேசையில் பொம்மைச் சிப்பாய்களோடு வாட்டர்லூ போர் தொடங்குகிறதே, என் படையை யாரிடம் கொடுப்பீர்கள்? விடுமுறை முழுக்க நாம் இருவரும் வர்ணம் தீட்டிய முந்நூற்று முப்பது பேர். ஒரு பொம்மை நூறு வீரருக்குச் சமம் என்றால் முப்பத்து மூவாயிரம் பேர். மைசூர்பாகு டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கியிருக்கிறேன். இளையபெருமாள் அண்ணனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர் போண்டா தின்ற கையோடு குதிரையைத் தூக்குவார்.

சென்ற ஆண்டு ஆஸ்டர்லிட்ஸ் போரில் நீங்கள் செய்ததைத்தான் இங்கே தினமும் நினைத்துக்கொள்கிறேன். வலது பக்கத்தை வேண்டுமென்றே காலியாகக் காட்டினீர்கள். எதிரே ஆடிய பிரான்சிஸ் சார் ஆசையாக மேட்டைவிட்டு இறங்கினார். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எறங்கிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை ஆண்கள் நடுவே நீங்கள் ஒருத்தி. எனக்கு அப்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இந்தக் கடிதத்தை சிந்து கொண்டுபோவாள். என் பெஞ்ச்காரி, வீட்டிலிருந்து வருகிறவள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். விடுதிப் பெண்களின் கடிதத்தை வெளியே கொண்டுபோவது இங்கே பெரிய குற்றம். அவள் பயப்படவே இல்லை. "போஸ்ட் பண்றதுக்கு என்னடி, உண்டியலையா ஒடைக்கப் போறேன்?" என்கிறாள். பதில் போட்டால் அவள் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

உங்கள்
ஷைனி


அரியலூர்,
17.6.2025

அன்பு ஷைனிக்கு,

உன் கடிதத்தில் சோப்பு வாசனை. மூன்று தடவை படித்தேன். அத்தான் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அறுபத்தெட்டு ஒரு மார்க்கா? அவர் சொல்லை மீறி உனக்கு எழுதுவது தப்பு. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் உன் படையைப் பற்றிப் பேச்சு வந்தது. உனக்குத் தெரியும்தானே, வாட்டர்லூவை இரண்டு முறை ஆடியும் சரியாக வரவில்லை. உண்மைப் போரில் நெப்போலியன் குரூஷி என்கிற தளபதியிடம் முப்பத்து மூவாயிரம் பேரைக் கொடுத்து, பிரஷ்யத் தளபதி புளூஷரின் படையைத் துரத்தச் சொல்லி அனுப்பினான். மறுநாள் தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. "எனக்கு எழுத்தில் வந்த கட்டளை வேறு" என்று குரூஷி திரும்பவில்லை. புளூஷர் அவனுக்குத் தப்பி நேராக நெப்போலியன் விலாவில் வந்து விழுந்தான். கதை முடிந்தது. நம் மேசையில் யார் குரூஷியாக ஆடினாலும் முதல் பத்து நிமிடத்திலேயே திரும்பி வந்துவிடுகிறான்.

செல்லதுரை சார் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கூடத்துல நிக்கிறவன் எப்படிங்க குரூஷி ஆவான்? அவனுக்குத்தான் மேசை முழுக்கத் தெரியுதே. ஹாஸ்டல்ல இருக்குது பாருங்க அந்தப் புள்ள, அதுதான் குரூஷி." சுரங்கத்து எடைமேடையில் இருபது வருடம் லாரிகளை எடை போட்டவர் அல்லவா, அவர் நடுவர் என்றால் அப்பீலே கிடையாது. ஆகவே படை உன்னுடையதுதான். டப்பா கிளப் பீரோ மேலே பத்திரமாக இருக்கிறது.

எப்படி என்று கேள். ஒவ்வொரு ஞாயிறும் போரில் ஒரு மணி நேரம் நடக்கும். நெப்போலியன் நான். உனக்கும் எனக்கும் நடுவே கடிதம் மட்டும்தான். கட்டளைத் தாள் தனியாக இருக்க வேண்டும். அதில் சொந்தப் பெயர் கூடாது, எதிரி கையில் சிக்கலாம். "குரூஷி" என்றே கையெழுத்துப் போடு. நான் எழுதுவதை எல்லாம் செல்லதுரை சார் முதலில் படித்து, நீ அறியக் கூடாததைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிடுவார். புளூஷர் எங்கே நிற்கிறான் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துவிட்டார்கள். அது அவருக்கும், புளூஷராக ஆடும் இளையபெருமாளுக்கும்தான் தெரியும். சரித்திரப் புத்தகத்தைப் படித்தவள் என்று நீ தப்பிக்க முடியாது. எழுத்தில் வந்த கட்டளையை மீறினால் போருக்குப் பிறகு விசாரணை. நாம் தோற்றிருந்தால் அடுத்த வருடம் உனக்குப் படை கிடையாது.

பயப்படாமல் சாப்பிடு. கணக்குப் போடு.

அன்புடன்
சித்தி

கட்டளை: குரூஷிக்கு. புளூஷரைத் தேடி வடக்கே போ. அவன் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதே. — நெப்போலியன்


பெரம்பலூர்,
22.6.2025, ஞாயிறு இரவு.

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தால். நான் இல்லாததாலேயே எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது. செல்லதுரை சாருக்கு என் வணக்கம். சார், இதையும் படிப்பீர்கள்தானே?

போர்க்கள வரைபடத்தை விலங்கியல் நோட்டில் போட்டேன். பாதைகளுக்குச் சிவப்பு, ஆறுகளுக்கு நீலம். வியாழக்கிழமை வார்டன் வெற்றிச்செல்வி மேடம் நோட்டுகளைச் சோதித்தார். இந்தப் பக்கத்தில் நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இது என்னடி, ஹார்ட்டா?"

"ஆமா மேடம்."

"ரத்தக்குழாயெல்லாம் எங்கெங்கயோ போவுது. இந்த ஹார்ட்டை வச்சிக்கிட்டு எவனும் ரெண்டு நாள் தாங்க மாட்டான். ஒழுங்கா வரை."

சிந்து நாலு நாளாக என்னை "தளபதி" என்றுதான் கூப்பிடுகிறாள். "ஏன்டி, முப்பத்து மூவாயிரம் பேருக்கும் காலையில என்ன டிபன்? எங்கம்மாகிட்ட ஆர்டர் குடுத்தா கூடக் கொஞ்சம் சட்னி தரச் சொல்றேன்" என்கிறாள். நான் எழுதுவதை அவள் பிரித்துப் பார்ப்பதே இல்லை. ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிறாள்.

செருப்புச் சத்தம். நிறுத்துகிறேன்.

உங்கள்
ஷைனி

அறிக்கை: பேரரசருக்கு. வடக்கே இரண்டு சாலைகளில் நகர்கிறேன். குதிரைப்படை முன்னால். மழைச் சேற்றால் பீரங்கிகள் பின்தங்குகின்றன. இதுவரை எதிரி கண்ணில் படவில்லை. — குரூஷி


அரியலூர்,
30.6.2025

அன்பு ஷைனிக்கு,

சேற்றை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? அந்த ஒரு வரிக்காக செல்லதுரை சார் உன் பீரங்கிகளின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "தானா ஒத்துக்கிட்டா பாருங்க" என்று பிரான்சிஸ் சாரிடம் பெருமையாகச் சொன்னார்.

மேசையை நீ பார்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வெட்டி வேலி செய்திருக்கிறோம். மேட்டின் மேல் சுரங்கத்திலிருந்து எடுத்துவந்த கல்லாகிப்போன சங்கு ஒன்று. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனாக ஆடும் பிரான்சிஸ் சார் அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறார். நேற்று நான் ██████████████

இனி நான் எழுதுவதெல்லாம் வீண். செல்லதுரை சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். ஏழு வரி போய்விட்டது. உறையில் அவர் ஒட்டிய சிறு சீட்டு ஒன்று இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது உனக்கு மட்டும்.

அன்புடன்
சித்தி

கட்டளை: குரூஷிக்கு. வாவ்ர் ஊருக்குப் போ. புளூஷர் அங்கேதான் இருப்பான். அவனை அங்கேயே பிடித்து வை. — நெப்போலியன்


பெரம்பலூர்,
4.7.2025, வெள்ளி இரவு.

அன்புள்ள சித்திக்கு,

கறுப்பு வரிகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சீட்டைப் பிரித்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மேற்கே, வெகு தூரத்தில், இடி போன்ற சத்தம். வானத்தில் மேகம் இல்லை. — நடுவர்."

இரண்டு நாள் இதையே யோசித்தேன். இயற்பியல் வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதிலாக "வாவ்ர்" என்று சொல்லப் பார்த்தேன். சிந்துவிடம் சீட்டைக் காட்டினேன்.

"சத்தம் கேட்டா போய்ப் பாக்க மாட்டியா?" என்றாள்.

"சித்தி வாவ்ருக்குப் போன்னு எழுதியிருக்காங்களே."

"எழுதும்போது உங்க சித்திக்கு, உனக்குச் சத்தம் கேக்கும்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

சீட்டை வாங்கி மறுபடி படித்தேன். ஆனால் புளூஷர் வாவ்ரில்தான் இருந்து, நான் முதுகைக் காட்டிவிட்டு மேற்கே போனால் என்ன ஆகும்? நீங்கள் காரணம் இல்லாமல் எழுத மாட்டீர்கள். ஆஸ்டர்லிட்ஸிலும் வலது பக்கம் ஏன் காலி என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கடைசியில் நீங்கள்தான் சரி. உங்கள் கட்டளையை மீற எனக்குத் தைரியம் கிடையாது, மனமும் கிடையாது.

உங்கள்
ஷைனி

அறிக்கை: பேரரசருக்கு. கட்டளைப்படி வாவ்ர் நோக்கிச் செல்கிறேன். — குரூஷி


பெரம்பலூர்,
10.7.2025, வியாழன் இரவு.

சித்தி,

சிந்து மாட்டிக்கொண்டாள்.

இன்று மதியம் வாசலில் வைத்துப் பைகளைச் சோதித்திருக்கிறார்கள். ஜாமெட்ரி பாக்ஸில் என் கட்டளைத் தாள் இருந்தது. கடிதத்தை நான் எழுதி முடிக்காததால் அதை மட்டும் கொடுத்திருந்தேன். "விடியற்காலை நாலு மணிக்குப் பாலத்தைத் தாக்குகிறேன். குரூஷி." என் பெயர் எங்கேயும் இல்லை. செல்லதுரை சார் படிக்க வசதியாக அச்சு எழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுதியிருந்தேன், என் கையெழுத்து என்று யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை எங்களுக்குக் கேசரி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்துச் சுவர்தான் வார்டன் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

"யாருடி இந்த குரூஷி? எந்தக் காலேஜ் பையன்?"

"பையன் இல்ல மேடம்."

"அப்ப யாரு? ஹாஸ்டல் புள்ள எவளாவது குடுத்தாளா?"

மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வாயத் தொறக்க மாட்டியா? சரி. அடுத்த வெள்ளிக்கிழமை உங்கம்மாவ வரச் சொல்லு. யாருன்னு சொல்லலன்னா அன்னைக்கே டி.சி."

ஒரு வார்த்தை போதும் சித்தி, "ஷைனி" என்று. அவள் சொல்லவில்லை.

நான் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். கையை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிப்பார்கள் என்று, ஒவ்வொரு வாயாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டேன்.

நான்தான் என்று சொன்னால் அப்பாவுக்குப் போன் போகும். நீங்களும் கிளப்பும் எனக்கு இல்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் சிந்து போய்விடுவாள். அவள் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றி அவளைப் படிக்க வைக்கிறார்.

சமையல் மலர்க்கொடி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடு, நான் போஸ்ட் பண்றேன். பதிலு எங்கூட்டு விலாசத்துக்கு வரட்டும்" என்றார். உறைமேல் பின்பக்கம் அவர் விலாசம் இருக்கிறது. என்ன செய்யட்டும் சித்தி? நீங்கள் சொல்லுங்கள்.

ஷைனி


அரியலூர்,
14.7.2025

அன்பு ஷைனிக்கு,

இந்தக் கடிதத்தை செல்லதுரை சாரிடம் காட்டவில்லை. இது விளையாட்டு இல்லை.

நன்றாகக் கேள். நீ பேசாமல் இரு. சிந்துவின் அம்மாவை நான் நேரில் போய்ப் பார்க்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். டி.சி. என்பதெல்லாம் மிரட்டல். இரண்டு தடவை கேட்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். சிந்து கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள். ஆனால் உன் பெயர் வெளியே வந்தால் அத்தான் என்னை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார். அக்காவும் அவருக்கும் எனக்கும் நடுவில் கிடந்து அவதிப்படுவாள். உன்னை நான் பார்க்கவே முடியாது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

அந்தக் கட்டளைத் தாள்களை எல்லாம் கிழித்துவிடு. வெள்ளிக்கிழமை அறையைவிட்டு வெளியே வராதே. இது என் கட்டளை என்றே வைத்துக்கொள்.

சித்தி


பெரம்பலூர்,
18.7.2025, வெள்ளி, பகல் 12 மணி.

அன்புள்ள சித்திக்கு,

இது பகலில் எழுதும் கடிதம். வார்டன் மேடம் அறையில், அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மேடம் எதிரில் இருக்கிறார். எழுதி முடித்ததும் படிப்பார், முத்திரை போடுவார், அவரே தபாலில் சேர்ப்பார். அப்படித்தான் அனுமதி வாங்கினேன்.

உங்கள் கட்டளை நேற்று மாலை வந்தது. மலர்க்கொடி அக்கா சாதத்தட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். இரவு வாளிமேல் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. நீங்கள் பயப்படுவீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. அதனால் உங்கள்மேல் இருந்த மதிப்பு குறையவில்லை. இன்னும் அதிகமாகத்தான் பிடித்தது. ஆனால் சிந்து கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. எழுதும்போது உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான்.

இன்று காலை முதல் பீரியடில் சிந்துவின் அம்மா வந்தார். இட்லித் துணியைக்கூட மாற்றாமல், இடுப்பில் செருகியபடியே வந்திருந்தார். வராந்தாக் கோடியில் இருக்கும் வார்டன் அறையிலிருந்து அவர் குரல் வகுப்புவரை கேட்டது: "எம் பொண்ணு களவாண்டாளா மேடம்? பொய் சொன்னாளா? ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு டி.சி.?"

நான் வகுப்பிலிருந்து எழுந்தேன். வேதியியல் சார், "எங்க?" என்றார். கையைக் காட்டிவிட்டு நடந்தேன். வராந்தா அவ்வளவு நீளம் என்று இதுவரை தெரியாது.

"மேடம், அது என் லெட்டர். குரூஷி நான்தான்."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? எந்தப் பாலத்தடி தாக்கப் போற, கோனேரி ஓடைப் பாலத்தையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டர்லூவை, உங்களை, மைசூர்பாகு டப்பாவை, அந்த ஹார்ட் படத்தையும்கூட. அழுதுகொண்டே சொன்னதால் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நடுவில் மேடம், "அப்ப அந்தச் சத்தம் கேட்டப்ப நீ போவலியா?" என்று கேட்டார். எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. "போகல மேடம், வாவ்ருக்குப் போயிட்டேன்" என்றேன்.

அவள் அம்மா பக்கத்தில் நின்ற சிந்து மட்டும் என் காதில், "ஒரு வாரம் லேட்டுடி தளபதி" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் எலும்பு உடைந்திருக்கும்.

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். டி.சி. இல்லை. எனக்கு இரண்டு மாதம் வீட்டு விடுப்பு கிடையாது. அப்பாவுக்குப் போன் போய்விட்டது. அவர், "சரி" என்று மட்டும் சொன்னாராம். இனி என்னால் எழுத முடியாது சித்தி. நீங்களும் எழுத வேண்டாம். விடுமுறையில் நாம் வர்ணம் தீட்டிய நாட்களை என்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. உங்களை மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்கத்தான் நினைத்தேன், ஆனால் மேசையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு கட்டளைத் தாள் எழுத அனுமதி கேட்டேன். மேடம் மணியைப் பார்த்துவிட்டு, "எழுது" என்றார்.

உங்கள்
ஷைனி

அறிக்கை: பேரரசருக்கு. எழுத்தில் வந்த கட்டளையை மீறுகிறேன். வாவ்ரை விட்டுவிட்டு, பீரங்கிகளை வழியில் போட்டுவிட்டு, முழுப் படையோடும் சத்தம் வரும் திசைக்கு வருகிறேன். தாமதம் என் குற்றம். — குரூஷி

(விடுதி முத்திரை. படித்துப் பார்த்தேன். — வெ. செ., 18.7.2025)


அரியலூர்,
28.7.2025

அன்பு ஷைனிக்கு,

முதலில் வெற்றிச்செல்வி மேடத்துக்கு வணக்கம். இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். அவளை எழுத விட்டதற்கு நன்றி. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் ஷைனியின் அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

ஷைனி, இதில் கறுப்பு வரி இருக்காது. போர் முடிந்துவிட்டது.

உன் கடிதம் 22ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தின ஞாயிறே என் கதை முடிகிற நிலை. புளூஷர் வாவ்ரில் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. போண்டா தின்றுகொண்டே இளையபெருமாள் அவனை என் வலது விலாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். என் காவல்படை நடுவில் சிக்கிக்கொண்டது. நேற்று கடைசி ஒரு மணி நேரம். கைகுலுக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன்.

செல்லதுரை சார் உன் தாளைப் படித்துவிட்டு பீரோ மேலிருந்து டப்பாவை இறக்கினார். பிரான்சிஸ் சார் விடவில்லை: "லெட்டர் செவ்வாய்க்கிழமைதான வந்துச்சு? அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆடி முடிச்சாச்சு." செல்லதுரை சார் உறையைத் திருப்பிக் காட்டினார். "எடைமேடையில லாரி கேட்டுக்குள்ள நுழைஞ்ச நேரம்தான் சார் கணக்கு, எடை போட்ட நேரம் இல்ல. தபால் முத்திரை பதினெட்டு."

முந்நூற்று முப்பது பேரையும் இளையபெருமாளின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக வைத்தார். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. "அடிப்பாவி, ஹாஸ்டல்ல இருந்துகிட்டே வந்துட்டாளே!" என்று கத்தினான். யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றோம்.

நாம் தோற்றோம் ஷைனி. பிரான்சிஸ் சார் அந்தக் கல்சங்கின் பின்னாலிருந்து கடைசிவரை அசையவில்லை. ஆனால் தெற்கே போகும் சாலை திறந்தது. காவல்படை வெளியேறியது, நானும் பிழைத்தேன்.

பிறகு விசாரணை. கட்டளையை மீறினாயா, ஆம். தோற்றோமா, ஆம். அடுத்த வருடம் குரூஷிக்குப் படை கிடையாது என்று செல்லதுரை சார் கிளப் நோட்டில் எழுதினார். நான் வாதாடவில்லை. விதி விதிதான். பேனாவை மூடப்போனவர் மறுபடியும் திறந்து கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "தவறான கட்டளையை எழுதிய நெப்போலியனுக்கும் கிடையாது."

அவருக்குத் தெரிந்தது ஒரு கட்டளைதான். நான் இரண்டு எழுதினேன். வாவ்ர் கட்டளையைத் தாமதமாக மீறினாய், பேசாமல் இரு என்றதை உடனே மீறினாய். மீறியதற்காக நான் உனக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று பெரம்பலூருக்குப் போய் சிந்துவின் அம்மா முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. நீ பேசாமல் இருந்திருந்தால் அந்தம்மாள் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அவர் எனக்கு நாலு இட்லி வைத்து, "ஒங்க அக்கா மவ நடுங்கிக்கிட்டே வந்துச்சு, ஆனா வந்துச்சு" என்றார். என்னைவிட நீ பெரிய தளபதி. முகத்துதி இல்லை. நான் போர்க்களத்தில் எதையும் எளிதில் பாராட்ட மாட்டேன், உனக்கே தெரியும்.

இன்னும் ஒன்று. நேற்று உன் படையை மேசையில் இறக்கி அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் அத்தான் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியாது. இளையபெருமாள்தான், "வாங்க சார், போண்டா எடுத்துக்குங்க" என்றான். அத்தான் உட்காரவில்லை. மேசை ஓரத்திலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் 214.

"இது அவ எழுத்து."

"ஆமாங்க அத்தான். எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கா."

"எல்லாத்துக்குமா?"

"முன்னூத்தி முப்பதுக்கும்."

அந்த எண்ணை விரலால் தடவினார். அப்புறம், "இவன் செத்துட்டானா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். இவன் இப்பதான் வந்து சேந்தான்."

நான் இந்தக் கடிதத்துக்கு அனுமதி கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் மார்ச் ரெண்டாயிரத்து இருபத்தேழு" என்றார். போய்விட்டார். கிளப்பைப் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனவே இது கடைசி. அவர் சொன்னபடியே நடப்பேன். நீயும் நட. கணக்கில் அறுபத்தெட்டு இனிமேல் நம் குடும்பத்தில் யாருக்கும் வேண்டாம். அடுத்த வருடம் நாம் இருவருமே தண்டனையில் இருக்கிறோம், அதனால் நீ எதையும் இழக்கப் போவதில்லை.

இரவு நானே உன் ஆட்களைப் பஞ்சு வைத்து டப்பாவில் அடுக்கினேன். மூன்று தடவை எண்ணினேன். முந்நூற்று இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். மேசைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில் எல்லாம் செல்லதுரை சார் டார்ச் அடித்துத் தேடினார். 214 கிடைக்கவில்லை.

தேட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது அத்தான் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அன்புடன்
சித்தி